காயலான் கடைக்குப் போகுமுன் அந்த டிஸ்க்கைப் படித்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் கடலூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் மூலையில் கிடக்கும் பழைய கணினிகளை மொத்தமாக எடைக்குப் போட்டு இடத்தைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தார். எலி கூடு கட்டுகிறது, தூசி அடைகிறது என்பதெல்லாம் உண்மைதான். எடைக்குப் போடுவதை நானும் தடுக்கவில்லை. அதற்கு முன் உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் படித்துவைக்கும் வேலை ஒன்று உண்டு, அதை யாரும் செய்வதில்லை. கடந்த பத்து மாதமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986 முதல் கணினிப் பழுது பார்த்தவன் நான். கடலூர், புதுச்சேரி, நெய்வேலி, சிதம்பரம் என்று பஸ்ஸில் போய்வருவேன். அப்போது எங்கள் கைக்கு அதிகம் வந்தது சீகேட் எஸ்டி-225 என்ற 20 எம்பி ஹார்ட் டிஸ்க். அதன் தட்டில் எழுதவும் படிக்கவும் செய்யும் தலை தானாக ஓரத்துக்குப் போய் நிற்காது. 'பார்க்' என்ற சிறு புரோகிராமை ஓட்டி, தலையை ஒதுக்கி வைத்த பிறகுதான் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். மறந்தால் வழியில் ஒரு குலுக்கலுக்கே தட்டில் கீறல் விழும். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வரும் 22 கிலோமீட்டரும் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் இருக்கையிலிருந்து கொஞ்சம் எழுந்து கொடுப்பேன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது வேறொருவருடைய பல வருட உழைப்பு என்ற எண்ணம் அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

போன சித்திரையில் ஓர் அம்மா என் வீடு தேடி வந்தார். அவருடைய தந்தை எங்கள் பகுதியில் தலைமை ஆசிரியராக இருந்து மறைந்தவர். ஆட்டோவில் ஒரு பழைய கணினி கிடந்தது.

"அண்ணே, அப்பா எல்லாத்தையும் இதுலதான் எழுதி வச்சாரு. காயலான் கடைக்காரர் 600 ரூபா தர்றேன்றார். குடுத்துடலாமான்னு கேக்க வந்தேன்" என்றார்.

அவருடைய அப்பா என்ன எழுதிவைத்தார் என்பதைச் சொல்லவேண்டும். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா, அக்கரைக்கோரி என்று குப்பம் குப்பமாக நடந்து, வயதான மீனவர்களிடம் உட்கார்ந்து அவர்களுடைய சொற்களைச் சேகரித்தவர் அவர். காற்றின் பெயர்கள், மேகத்தின் பெயர்கள், வலையின் உறுப்புகள், கட்டுமரத்தின் ஒவ்வொரு கட்டுக்கும் முடிச்சுக்கும் உள்ள பெயர், மீன் குஞ்சாக இருக்கும்போது ஒரு பெயர், வளர்ந்தபின் ஒரு பெயர். 1980களில் தொடங்கிய வேலை. அவர் பிழைதிருத்திக் கொடுத்துவந்த ஓர் அச்சகத்தில் பில் போடுவதற்காக ஒரு கணினி வாங்கியிருந்தார்கள். பிசி/ஏடிக்கு ஒத்த இந்தியத் தயாரிப்பு, ஜெனிக்ஸ் இயங்குதளம், கூடவே இரண்டு டெர்மினல்கள், அதாவது திரையும் விசைப்பலகையும் மட்டும் கொண்டவை. இரவில் அச்சகம் மூடியபின் ஒரு டெர்மினலில் உட்கார்ந்து தட்டுவார். அங்கே கணக்கு எழுதுவதற்குப் புரோகிராம் செய்துகொடுத்த பையனே இவருக்கும் சொற்களைப் பதிய ஒன்று எழுதிக்கொடுத்தான். அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. அதனால் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டினார். சின்ன எல் என்றால் ல, பெரிய எல் என்றால் ள, இசட் என்றால் ழ என்று தனக்கென ஒரு முறை வைத்திருந்தார். அச்சகம் மூடியபோது கணினியை அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

காகிதத்திலும் ஒரு பிரதி இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அன்று அவர் வீட்டுக் கூரை ஓடு பறந்து, மடிப்புக் காகிதக் கட்டு முழுவதும் நனைந்து கூழானது. ஃபிளாப்பிகளில் பூஞ்சை. ஆக, அவருடைய உழைப்பு மிஞ்சியிருந்தது அந்த எஸ்டி-225 ஒன்றில் மட்டும்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் பார்வைக்கு நன்றாக இருந்தது. அதோடு இரண்டு பட்டைக் கேபிள்களால் இணைந்திருந்த கன்ட்ரோலர் கார்டு போய்விட்டிருந்தது. நம் ஊர் உப்புக்காற்று தாமிரத் தடங்களைப் பச்சை பூத்து அரித்திருந்தது. இரண்டு சிப்களின் கால்கள் கையோடு வந்தன.

இந்தக் கார்டு என்ன செய்யும் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1980இல் வந்த 5 எம்பி எஸ்டி-506, 1981இல் வந்த 10 எம்பி எஸ்டி-412, அவற்றின் வழியில் வந்த எங்கள் எஸ்டி-225 எல்லாமே கிட்டத்தட்டத் தம்மளவில் பேசத் தெரியாதவை. தட்டு நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும். தலை காந்தத் தடத்தைத் தொடாமல் மேலே மிதந்து, அங்கே என்ன மாற்றம் உண்டோ அதைத் துடிப்பாக அனுப்பும். அவ்வளவுதான். அந்தத் துடிப்புகள் 200, 300, 400 நானோநொடி இடைவெளிகளில் வரும். அந்த இடைவெளிகளை அளந்து எது 0, எது 1 என்று பிரிப்பதும், தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்ததில் ஒரு துண்டான செக்டார் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதும், படித்தது சரியா என்று கூட்டிப் பார்ப்பதும் கார்டின் வேலை. இந்தப் பதிவு முறைக்கு எம்எஃப்எம் என்று பெயர். செக்டார் தொடக்கத்தில் ஒரு விசேஷ அடையாளம் இருக்கும். வரவேண்டிய ஒரு துடிப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டு எழுதிய பைட் அது. சாதாரணத் தரவில் அந்த வடிவம் வரவே வராது என்பதால் கார்டு அதைப் பார்த்தவுடன் இங்கேதான் ஆரம்பம் என்று தெரிந்துகொள்ளும். ஒரு நிறுவனத்தின் கார்டு எழுதிய டிஸ்க்கை வேறு நிறுவனத்தின் கார்டு பல சமயம் படிக்காது. கார்டு போய்விட்டால் டிஸ்க் ஊமைதான்.

முதல் வேலை, தட்டில் இருப்பதை அப்படியே எடுத்துவைப்பது. இதற்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. பீகிள்போன் என்ற உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையில், 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சின்னச் செயலிகள் இரண்டு தனியாக உண்டு. 5 நானோநொடிக்கு ஒரு கட்டளை. அதை வைத்து எம்எஃப்எம் டிஸ்க்கின் துடிப்புகளை நேரடியாக அளக்கும் கருவிக்கான வரைபடமும் நிரலும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதே பலகையைப் பழைய கணினியில் டிஸ்க்குக்குப் பதிலாகவும் செருகலாம், அது டிஸ்க் போலவே நடந்துகொள்ளும். பாகங்களை வரவழைத்து நானே பற்றவைத்தேன்.

டிஸ்க் முதலில் சுழலவில்லை. வருடக்கணக்கில் கிடந்ததில் தலை தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் பிடித்து மெல்ல மெல்ல ஆட்டி, மின்சாரம் கொடுத்தேன். பழைய எஸ்டி-225இன் அந்தச் சீழ்க்கைச் சத்தம் எழுந்தபோது என் கை நடுங்கியது.

615 சிலிண்டர் (தலை நகர்ந்து நிற்கும் நிலைகள்), 4 தலை, தடத்துக்கு 17 செக்டார். மொத்தம் 41,820 செக்டார், ஒவ்வொன்றிலும் 512 பைட். முதல் முறை படித்ததில் 212 செக்டார்கள் தேறவில்லை. இந்த டிஸ்க்கில் தலையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். தடத்தின் நடுவில் இருக்கிறோமா என்று திரும்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் வசதி அதில் கிடையாது. வெயிலில் உலோகம் விரியும், குளிரில் சுருங்கும், தலை அந்த அளவுக்கு விலகும். ஆகவே விடியற்காலை 5 மணிக்கு ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று பதினொரு நாள் படித்தேன். காலையில் வராத செக்டார் மத்தியானம் வந்தது. மத்தியானம் வராதது மழை பெய்த ஓர் இரவில் வந்தது. எழுதப்பட்ட அன்று அந்த அச்சகத்தில் என்ன வெப்பம் இருந்ததோ, அதே வெப்பம் வரும்போதுதான் அந்தத் தடம் வாய் திறக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் 19 செக்டார்கள் மட்டும் மிஞ்சின. அவை எந்த வெப்பத்துக்கும் அசையவில்லை.

சரி, படித்தாகிவிட்டதே, அதிலிருந்து சொற்களை எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சொல் ஒரு கோப்பில், பொருள் ஒரு கோப்பில், சொன்னவரின் ஊர் மற்றொரு கோப்பில் இருந்தது. எது எதோடு சேரும் என்பதைச் சுருக்கி எழுதிய எண்களில் வைத்திருந்தது அந்தப் பையன் எழுதிய புரோகிராம். மூல நிரல் எங்கும் இல்லை. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அச்சகக்காரர் குடும்பத்துக்கே தெரியவில்லை. அந்தப் புரோகிராம் மறுபடி ஓடினால்தான் சொல்லும் பொருளும் சேரும். அது ஓட ஜெனிக்ஸ் வேண்டும். ஜெனிக்ஸ் ஓட அந்தக் கன்ட்ரோலர் கார்டு வேண்டும்.

டாஸ் என்ற இயங்குதளம் என்றால், கணினிப் பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலிடம் கேட்டு டிஸ்க்கைப் படிக்கும். நடுவில் பயாஸ் இருப்பதால் அங்கே ஏதாவது சமாளிக்கலாம். ஜெனிக்ஸ் அப்படியில்லை. எழுந்து நின்றபின் அது பயாஸை ஓரம் கட்டிவிட்டுக் கார்டோடு நேராகப் பேசும். அதற்கான வாசல்கள் பதினாறடிமான எண்ணில் 1எஃப்0 முதல் 1எஃப்7 வரை எட்டு முகவரிகள். எத்தனை செக்டார், எந்த செக்டார், எந்த சிலிண்டர், எந்தத் தலை என்று வரிசையாக எழுதி, கடைசி முகவரியில் கட்டளையை எழுதும். 20 என்றால் படி, 30 என்றால் எழுது, 50 என்றால் தடத்தை ஃபார்மேட் செய். வேலை முடிந்ததும் கார்டு மணியடிப்பதுபோல் ஒரு இன்டரப்ட் கொடுக்கும், அது ஐஆர்க்யூ 14. இப்படி ஓர் எதிராளி அங்கே இருப்பதாக அந்த இயங்குதளத்தை நம்பவைக்க வேண்டும். அதைச் செய்வது எமுலேட்டர். நம் பக்கத்துத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வேஷம் கட்டியவர் துரியோதனனின் அடவை ஓர் அடி பிசகாமல் போட்டால்தான் எதிரே நிற்பவரால் பாட்டெடுக்க முடியும்.

இப்படிப்பட்ட எமுலேட்டர்கள் ஏற்கெனவே நிறைய உண்டு. பழைய மினி கணினிகளுக்காக 1993இல் பாப் சுப்னிக் தொடங்கிய சிம்எச், பிசிகளுக்கு 86பாக்ஸ், பிசெம், எல்லாவகைப் பொறிகளுக்கும் மேம் என்று எவ்வளவோ பேர் எவ்வளவோ இரவுகள் உழைத்தவை. அவர்கள் இல்லையென்றால் நான் தொடங்கியே இருக்கமாட்டேன். எனக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. அவற்றுக்கு நான் கொடுப்பது டிஸ்க்கின் நகல் கோப்பு. அந்தக் கோப்பில் படிக்கமுடியாத 19 இடங்களிலும் பூஜ்யம்தான் நிரம்பியிருக்கும். எமுலேட்டர் அந்தப் பூஜ்யத்தை நல்ல தரவு என்று ஜெனிக்ஸுக்குக் கொடுத்துவிடும். புரோகிராம் அதை நம்பி ஏதாவது ஒரு சொல்லுக்கு வேறொரு பொருளைச் சேர்த்துவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. தலைமை ஆசிரியர் ஐயா நாலு பேரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே ஒரு சொல்லை எழுதியவர். அவர் பெயரில் ஒரு தவறான பொருள் போவதை என்னால் ஏற்கமுடியாது. கெட்ட இடத்தை அன்றைய கார்டு எப்படி 'இது கெட்டது' என்று சொல்லியிருக்குமோ, அப்படியே சொல்லும் கன்ட்ரோலர் எனக்கு வேண்டும்.

ஆகவே திறந்த மூல எமுலேட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் புதிதாக எழுதினோம். எழுதினோம் என்று பன்மையில் சொல்லக் காரணம் என் தங்கை மகள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எனக்குக் கார்டு தெரியும், அவளுக்கு சி மொழி தெரியும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி1003 கார்டைப் பற்றி நான் அந்தக் காலத்தில் கைப்பட எழுதிவைத்த நோட்டு ஒன்று பரணில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிரித்துவைத்து உட்கார்ந்தோம்.

முதல் மூன்று ஞாயிறு ஜெனிக்ஸ் எழுந்திருக்கவே இல்லை. டிஸ்க்கைத் தேடும் இடத்தில் அப்படியே நின்றுவிடும். கட்டளை வருகிறது, தரவைத் தயாராக வைக்கிறோம், இன்டரப்ட் கொடுக்கிறோம், ஒரு பதிலும் இல்லை. நான் அவளிடம், "நீ எவ்வளவு நேரத்தில் பதில் கொடுக்கிறாய்?" என்று கேட்டேன்.

"உடனே, மாமா. கட்டளை வந்த அதே கணத்துல. சீக்கிரம் சொன்னா நல்லதுதானே?"

அங்கேதான் கோளாறு. எஸ்டி-225 ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தலையை நகர்த்தச் சராசரியாக 65 மில்லிநொடி எடுக்கும். அப்புறம் வேண்டிய செக்டார் சுற்றிவர, ஒரு சுற்றுக்கு 16.7 மில்லிநொடி வீதம், சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கவேண்டும். ஜெனிக்ஸில் கார்டோடு பேசும் டிரைவர் என்ற நிரலை எழுதியவர் கட்டளையை முதலில் எழுதிவிட்டு, அதன்பிறகு 'நான் காத்திருக்கிறேன்' என்று நினைவகத்தில் குறித்துக்கொள்கிறார். நிஜக் கார்டிடம் அதனால் ஒரு தொல்லையும் இல்லை, அது அத்தனை சீக்கிரம் திரும்பிவராது. எங்கள் கார்டோ அவர் குறித்துக்கொள்வதற்கு முன்பே மணியடித்துவிட்டது. காத்திருப்பவர் யாரும் இல்லாத வீட்டில் கேட்ட மணி அது, யாரும் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் அவர் மணிக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். தலை நகரும் நேரத்தையும் தட்டு சுற்றும் நேரத்தையும் கணக்கிட்டுத் தாமதம் சேர்த்தோம். எழுந்துவிட்டது.

இன்னொன்று எழுதும்போது வந்தது. படிக்கும் கட்டளைக்கு ஒவ்வொரு செக்டார் தயாரானதும் இன்டரப்ட் உண்டு. எழுதும் கட்டளைக்கு முதல் செக்டாருக்கு மட்டும் இன்டரப்ட் கிடையாது. தரவைக் கொடு என்று நிலைப் பதிவேட்டில் ஒரு பிட்டை உயர்த்திவைத்தால் போதும், கணினி தானே அதைப் பார்த்துக் கொடுக்கும். நாங்கள் ஒழுங்காக இருக்கட்டும் என்று அங்கேயும் இன்டரப்ட் கொடுத்தோம். ஜெனிக்ஸ் குழம்பிப்போனது. தலையைப் பூஜ்யத் தடத்துக்குக் கொண்டுவரும் கட்டளை 10 என்று நோட்டில் எழுதியிருந்தேன். ஆனால் அதன் கடைசி நான்கு பிட்டில் தலையை எவ்வளவு வேகத்தில் நகர்த்துவது என்ற எண்ணும் ஒட்டிவரும், அதனால் 10 முதல் 1எஃப் வரை எது வந்தாலும் ஒரே கட்டளைதான். அதை மறந்ததில் ஒரு வாரம் போனது. சிலிண்டரும் தலையும் பூஜ்யத்தில் தொடங்கும், செக்டார் மட்டும் ஒன்றில் தொடங்கும் என்பதில் இன்னொரு வாரம்.

கெட்ட செக்டார் விஷயத்துக்கு வருகிறேன். 19இல் 14 செக்டார்களின் முகப்பு, அதாவது இது எந்த செக்டார் என்று சொல்லும் பகுதி, நன்றாக இருந்தது, உள்ளே தரவுதான் சிதைந்திருந்தது. செக்டாரின் முடிவில் சிறு பிழைகளைத் திருத்த 4 பைட் இருக்கும். அதனாலும் தேறாத அளவுக்குச் சிதைவு. மீதி ஐந்தில் முகப்பே இல்லை. நிஜக் கார்டு இந்த இரண்டையும் வேறு வேறு பிழையாகச் சொல்லும். முன்னதற்குப் பிழைப் பதிவேட்டில் ஆறாம் பிட், பின்னதற்கு நான்காம் பிட். பீகிள்போன் கொடுத்த பதிவிலிருந்து எந்த செக்டாருக்கு என்ன நோய் என்று ஒரு தனிக் கோப்பு தயாரித்து, எங்கள் கன்ட்ரோலர் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதைப் பார்த்துப் பதில் சொல்லும்படி செய்தோம். ஜெனிக்ஸ் கேட்கும், கெட்டது என்போம், தலையைப் பூஜ்யத்துக்கு இழுத்துவந்து மறுபடி கேட்கும், மறுபடியும் கெட்டது என்போம். சில முறை பார்த்துவிட்டு, திரையில் அந்த இடத்தின் எண்ணை எழுதிவிட்டு விலகிக்கொள்ளும். 35 வருடத்துக்கு முன் அச்சகத்தில் ஒரு செக்டார் போயிருந்தால் நான் எந்தத் திரையைப் பார்த்திருப்பேனோ அதே திரை. அதன்பின் எந்தச் சொல் நம்பத்தக்கது, எது இல்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு அந்தப் புரோகிராம் ஓடியது. ஆசிரியர் ஐயாவின் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் மொத்தப் பதிவுகள் 2,316 என்று வந்தது. அவர் கொண்டல் என்று தட்டச் சொன்னார். கிழக்கிலிருந்து வரும் காற்று, சொன்னவர் ஊர் தேவனாம்பட்டினம் என்று வந்தது. வாடை வந்தது, கச்சான் வந்தது, மடி வந்தது, ஓங்கல் வந்தது. எழுத்துக்கு எழுத்து அவருடைய அப்பாவின் முறைப்படி, சின்ன எல், பெரிய எல். அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அடுத்தது போடு கண்ணு" என்று என் தங்கை மகளிடம் சொன்னார். இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். இப்போது முழுப் பட்டியலையும் யூனிகோடு தமிழில் மாற்றிவிட்டோம்.

கடிதம் எழுதிய அந்த வாசகரிடமும், அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. எடைக்குப் போடும் முன் அந்த டிஸ்க்கை யாரிடமாவது கொடுத்துப் படிக்கவையுங்கள். நகல் கோப்பு மட்டும் போதாது. சிலிண்டர், தலை, செக்டார் எண்ணிக்கை, கார்டின் பெயர், எந்த இடம் படிக்கவில்லை என்ற பட்டியல், இவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சேர்த்துவையுங்கள். கார்டையே ஒரு கவரில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஓலையில் எழுதியதை எழுத்துத் தெரிந்தவர் கண்ணால் படிக்கலாம், நூற்றாண்டுகள் கழித்தும் படிக்கிறார்கள். என் மேசையில் இருக்கும் டிஸ்க்கின் வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனால் அதைப் படிக்க ஒரு மனிதருடைய கண் போதாது, செத்துப்போன ஒரு கார்டின் நடத்தை முழுவதும் தெரிந்திருக்கவேண்டும். அந்த நடத்தையைத் தெரிந்தவர்கள் எங்கள் வயதுக்காரர்கள். நாங்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

கடலூர், புதுச்சேரி பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுப் பிள்ளைகள் கடையில் விலைக்கு வாங்கிய புராஜெக்டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று நீங்களே வருத்தப்படுகிறீர்கள். ஒரு பழைய கன்ட்ரோலரை மென்பொருளில் எழுதச் சொல்லுங்கள். எட்டு முகவரி, பத்துக்கும் குறைவான கட்டளைகள். நான்கு பேர் ஒரு பருவத்தில் முடிக்கலாம். இன்டரப்ட் என்றால் என்ன என்று என் தங்கை மகள் இரண்டு வருடம் படித்தும் புரியாதது, அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் புரிந்தது என்கிறாள். பின்னாளில் கார்டே டிஸ்க்குக்குள் போய் ஐடிஇ என்று ஆனபோதும் அதே எட்டு முகவரிகளைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆகவே இது பழையதைப் படிப்பது மட்டுமல்ல, பிறகு வந்ததன் வேரையும் தெரிந்துகொள்வது. எங்கள் நிரலையும் என் நோட்டின் பக்கங்களையும் கேட்கும் கல்லூரிக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். தங்கள் அலுவலக முகவரிக்கு எழுதினால் எனக்குச் சேர்ப்பிக்கும்படி ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக மீனவக் குடும்பத்து வாசகர்களுக்கு ஓர் உதவிக் கோரிக்கை. படிக்காமல் போன 19 செக்டார்களில் பெரும்பாலானவை காலி இடத்திலும் அச்சகக் கணக்கிலும் விழுந்தன. ஒன்று மட்டும் சொற்கள் இருந்த கோப்பில் விழுந்துவிட்டது. ஒரு செக்டாரில் எட்டுச் சொல். அந்த எட்டுக்கும் பொருள் இருக்கிறது, சொன்னவர் ஊர் இருக்கிறது, சொல் இல்லை. ஊர் எட்டுக்கும் சோனாங்குப்பம். அவற்றில் நான்கை இங்கே எழுதுகிறேன். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்தில் கலங்கல் நீருக்கும் தெளிந்த நீருக்கும் நடுவே தெரியும் கோடு. மீன் கூட்டம் மேலே எழும்போது நீரில் காணும் நடுக்கம். விடியுமுன் கரையிலிருந்து கடல் நோக்கிப் போகும் மெல்லிய காற்று. வலையின் மடி வெறுமையாகத் திரும்பும் நாளில் கரையில் காத்திருப்பவருக்குக் கட்டுமரத்திலிருந்து காட்டும் சைகை. இவற்றுக்கு உங்கள் தாத்தா, பாட்டி என்ன சொல் சொல்வார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள். ஆசிரியர் ஐயாவின் மகள் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிப் பழுதுநீக்குநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.